ரிவர்ஸ் கியர்

காரின் கியர் தொளதொளத்துப் போய்ப் பல நாளாகியிருந்தது. மெக்கானிக்கைத் தேடாமல், லீவு நாளன்று தவசிமுத்துவே வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்தான். கியர் கேபிளின் நுனியில் தேய்ந்து கிடந்த பிளாஸ்டிக் புஷ்களை நெம்பி எடுத்துவிட்டுப் புதியவற்றை அழுத்தி மாட்டினான். சரியாக விழுகிறதா என்று பார்க்க, மனைவி எஸ்தரை ஸ்டியரிங் முன்னால் உட்காரச் சொன்னான். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

“ஃபர்ஸ்ட்டு போடு.”

விழுந்தது.

“ரிவர்ஸ் போடு” என்ற பிறகுதான், கியர் குமிழுக்குக் கீழேயுள்ள வளையத்தைத் தூக்கினால்தான் அது விழும் என்று சொல்லவில்லையே என நினைவு வந்தது. அதற்குள் ரிவர்ஸ் விழுந்துவிட்டது.

அவன் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான். “வளையத்தத் தூக்கணும்னு யாரு சொன்னா?”

“நீங்க போடுறதப் பாத்திருக்கேன்ல.”

இருக்கலாம். ஆனால் அவளே மற்ற கியர்களையும் போட்டுப் பார்த்தபடி தொடர்ந்தாள். “இப்பதான் மூணாவது லேசா விழுது. முன்னல்லாம் கை வலிச்சிரும்.”

தினமும் அவன் வேலைக்குப் போவது கம்பெனி பஸ்ஸில். ஞாயிறு மட்டும் ஓடுகிற காரில் புஷ் எப்படி இவ்வளவு தேய்ந்தது என்று காலையிலிருந்து குழம்பிக்கொண்டிருந்தான்.

பானெட்டை மூடினான். கையைத் துடைத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தான்.

“வண்டிய எடு.”

எஸ்தர் அவனையே பார்த்தாள். தெரியாது என்று சொல்லவில்லை.

“எங்க போகணும்?”

“நீ வழக்கமா போற எடத்துக்கு.”

கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து சாவியைத் திருப்பினாள். ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கார் கிளம்பியது. தெருமுனையில் இடப்பக்கம் ஒடித்தாள். அந்தப் பக்கம் அவனுக்குத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை.