இன்னொரு பிரதி

மானேஜர் கிருபானந்தம் அக்ரிமெண்டைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

ஷூவின் மேல்பாகம் தைக்கும் அந்தச் சின்ன ஷெட்டில் பெண்கள் எல்லோரும் கை வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள்.

ஒரு வருஷத்துக்கு வேலை தருவதாக அவருடைய கம்பெனி மஹ்பூபிக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் அது. அதை நம்பித்தான் அவள் ஆம்பூர் பைபாஸ் ஓரம் ஷெட் பிடித்தாள். அதை நம்பித்தான் இந்தப் பெண்களும் பெரிய ஃபேக்டரியை விட்டுவிட்டு அவள் பின்னால் வந்தார்கள்.

இப்போது ராணிப்பேட்டையில் எவனோ கம்மி ரேட்டுக்குத் தைக்கிறானாம். கம்பெனிக்கு மனசு மாறிவிட்டது. மானேஜர் வேலையை நிறுத்த வந்துவிட்டார்.

"நல்லா பாருங்க, இதுல கம்பெனி கையெழுத்தே இல்ல. நாங்க போடாத அக்ரிமெண்டு எப்டிம்மா செல்லும்?"

உண்மைதான். கம்பெனிக்கென்று விட்டிருந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. பக்கத்து மெஷினில் தைக்கும் ஹேமலதாவுக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

மஹ்பூபி அசரவில்லை. நிதானமாக எழுந்து வந்தாள். கீழே இருக்கிற கையெழுத்து யாருடையது என்று கேட்டாள். உங்களுடையதுதான் என்றார். சந்தேகமில்லையே என்றாள். என் கண் முன்னால்தானே போட்டீர்கள், இதில் என்ன சந்தேகம் என்று எரிந்து விழுந்தார். எல்லார் காதிலும் விழட்டும், இன்னொரு வாட்டி சொல்லுங்கள் என்றாள்.

அவரும் சொன்னார், பாவம்.

அதற்குப் பிறகுதான் அவள் பீரோவைத் திறந்து தன்னுடைய பிரதியை எடுத்தாள்.

அதில் பக்கத்துக்குப் பக்கம் கிருபானந்தத்தின் கையெழுத்து, கம்பெனி முத்திரையோடு.

மனிதருக்கு முகம் செத்துவிட்டது. கார் கிளம்புகிற அவசரத்தில், நீங்க எங்க காப்பியில போடுங்க, நான் உங்க காப்பியில போடுறேன், போதும் என்று அன்றைக்குச் சொன்னவரே அவர்தான். அது அவருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

ஆனாலும் விடவில்லை. இதில் உங்கள் கையெழுத்து எங்கே என்று கடைசிப் பக்கத்தை விரலால் தட்டினார்.

மஹ்பூபிக்குச் சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"என் கையெழுத்து உங்க கையில இருக்குது சார். இப்பதான் ரெண்டு வாட்டி நீங்களே சாட்சி சொன்னீங்க."