கோட்டைக் கொடியும் கடலாமையும்

அந்தக் கடலாமை முட்டையிட எப்போதும் கோட்டைக்குக் கீழே இருந்த கரைக்குத்தான் வரும். பாதித் தூக்கத்தில், அலை தள்ளத் தள்ள, மிதந்தபடி வந்து சேரும். கரையில் ஒரு நண்டு காத்திருக்கும். நண்டுகளுக்கு ஆயுள் குறைவு. ஒவ்வொரு தடவையும் வேறு நண்டு. ஆனாலும் ஆமைக்குச் செய்தி சொல்வது அந்தக் குடும்பத்தின் பரம்பரைப் பாத்தியதை.

“பெரியம்மா, கோட்டையில் கொடி மாறிப்போச்சு! வெள்ளைக்காரன் வந்துட்டான்” என்றது ஒரு நண்டு.

“அப்படியா? மணல் இருக்கா?” என்று கேட்டுவிட்டு ஆமை குழி தோண்டியது.

“பெரியம்மா, உலகமெல்லாம் சண்டை! கோட்டைமேல குண்டு விழுந்துச்சு” என்றது அந்த நண்டின் வம்சத்தில் வந்த ஒரு பேரன்.

“ஐயோ பாவம். மணல் இருக்கா?”

“பெரியம்மா, சுதந்திரம்! ஊரே மிட்டாய் தின்னுது” என்றது பேரனின் பேரன்.

“நல்லது. மணல்?”

பெரியம்மாவுக்கு உலக நடப்பே தெரியாது என்று நண்டுகள் தங்களுக்குள் சிரித்துக்கொள்ளும்.

இந்தத் தடவை ஒரு சின்ன நண்டு சலிப்போடு உட்கார்ந்திருந்தது.

“சொல்லும்படியா ஒண்ணுமே நடக்கலை, பெரியம்மா. அதே கொடிதான்.”

ஆமை முகத்தை நீட்டித் தடவிப் பார்த்தது. கல். பக்கத்திலும் கல். கடலைத் தடுக்கவென்று மனிதர்கள் கரை நெடுகக் கொட்டியிருந்த கருங்கல்.

வயிறு நிறைய முட்டையோடு அது மெல்லக் கேட்டது:

“ஒண்ணுமே நடக்கலையா, கண்ணு?”