காட்டெருமைக்கு ஒரு விளக்கு

"தோட்டத்துக்கு லைட் வேணுங்க. சனிக்கிழமையானா காட்டெருமை வந்து ரோஜாச் செடிய மிதிச்சுப் போடுது. இவருதானுங்க பார்த்தாராம்," என்றாள் ராஜகுமாரி.

குன்னூர் கடைக்காரர் பெரிய ஃபோகஸ் லைட்டைக் காட்டினார். "வேலியில மாட்டுங்க. வெளிச்சத்தப் பார்த்தா ஓடிரும்."

"அவ்வளவு வெளிச்சம் எதுக்குங்க?" என்று அவசரமாகக் குறுக்கிட்டான் கணவன் சபாபதி. "அது பாட்டுக்கு வந்துட்டுப் போகுது."

"ஆமாங்க, வேலிக்கு வேண்டாம்," என்றாள் அவள். "வாசப்படியோரமா தரையில பதிக்கற சின்ன லைட் குடுங்க. தள்ளாடிட்டு வர்றப்ப வழி தெரிஞ்சா செடி மேல விழாதில்லீங்க. போன வாரம் ஒத்தச் செருப்ப அங்கயே விட்டுட்டுப் போயிருச்சு. நான்தான் கழுவி வெச்சேன்."

கடைக்காரர் சின்ன விளக்கை எடுத்து வைத்தார். சபாபதி தலை நிமிரவில்லை. கழுவிய செருப்புக்குள் கால் விரல்களை மடக்கிக்கொண்டான்.