கதவின் அகலம்

எகிப்தின் மன்சூரா நகரிலிருந்த தங்கை வீட்டுக்குள் ஷவ்கி நாலு ஆட்களோடு புகுந்தான்.

"இனி இவனோட வாழ மாட்டேன்னு என் தங்கச்சி போன்ல அழுதுட்டா. பிரிஞ்சு போற பொண்ணுக்குத்தான் வீட்டுச் சாமான் எல்லாம். ஒரு ஆணிகூட மிஞ்சக் கூடாது, தூக்குங்கடா!"

வெள்ளிக்கிழமைதோறும் படுக்கையறையிலேயே வைத்து மாப்பிள்ளை ஹில்மி செய்த பெரிய அலமாரி, எப்படிச் சாய்த்தும் வாசலைத் தாண்டவில்லை.

"கதவை அளக்காமலா செஞ்சே, கழுதை?"

"அளவு சரியாத்தானே இருந்துச்சு, மச்சான்..." ஹில்மி விழித்தான்.

"ரெண்டா அறுத்துடலாம்." ஷவ்கி ரம்பத்தை எடுத்தான்.

தங்கை நஜாத் குறுக்கே பாய்ந்தாள்.

"வேண்டாம்ண்ணே! கதவை அளந்து சொன்னது நான். வேணும்னுதான் அரை முழம் கூட்டிச் சொன்னேன்."

"ஏன்டி?"

"என் கோபம் எனக்குத் தெரியாதா? என்னைக்காவது உனக்கு இப்படி போன் போடுவேன்னு அப்பவே தெரியும்."