இருநூற்றுப் பதினாலு லேட்

"ஒரே வருசத்துல இருநூத்திப் பதினாலு தடவ லேட்டு! ஏனப்பா ஜெரோம், நீ சர்வீஸுக்குப் போறியா, ஊரச் சுத்திப் பாக்கப் போறியா?"

பம்ப் கம்பெனி முதலாளி திருமலைசாமி அச்சடித்த தாள்களை மேசையில் வீசினார்.

மெக்கானிக் ஜெரோம் அவற்றை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பதினெட்டு வருஷ வேலை. மகள் காலேஜில் படிக்கிறாள்.

தாள்களை எடுத்துக் கொடுத்த பிரத்யுஷா ஓரமாக நின்றாள். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து மூன்றே வாரம். வாடிக்கையாளர் புகார், மெக்கானிக் குறிப்பு எல்லாம் ஆங்கிலத்தில் ஒரே டேட்டாபேஸில் கிடக்கும். அதில் late யார் பெயரில் அதிகம் என்று தேடச் சொன்னார்கள். தேடிக் கொடுத்துவிட்டாள்.

"என்ன சொல்றே?" முதலாளி ஜெரோமைக் கேட்டார்.

"திங்கக்கெழம எழுதிக் குடுத்தர்றனுங்க."

"குடு. அன்னைக்கே உன்னை வேலைய உட்டு அனுப்பிப்போடறேன்."

வெளியே ஆபீஸே முணுமுணுத்தது. "மடியில கனம் இல்லீன்னா அங்கயே பதில் சொல்லியிருப்பாரு."

பிரத்யுஷாவுக்கும் அப்படித்தான் பட்டது.

மறுநாள் சனிக்கிழமை. ஃபைலில் வைக்க இன்னொரு பிரதி எடுக்கும்போதுதான் குறிப்புகளைப் படித்தாள்.

Base plate changed. Name plate fixed. Base plate changed.

திரும்பப் படித்தாள். பம்ப்பைத் தாங்கும் பேஸ் பிளேட் வேலை என்றாலே ஜெரோமைத்தான் அனுப்புவார்கள். plate எழுதிய இடத்தையெல்லாம் கம்ப்யூட்டர் late என்று எண்ணியிருக்கிறது! அதைச் சொல்லிக் குற்றமில்லை. முழு வார்த்தையாக வந்தால் மட்டும் எடு என்று சொல்லாதது இவள்தானே.

தேடும் கட்டளையை மாற்றி, late-க்கு முன்னும் பின்னும் வார்த்தை எல்லைக் குறியைப் போட்டு ஓட்டினாள்.

ஜெரோம்: 2.

அப்பாடா என்றிருந்தது. அடுத்த நிமிஷமே பயம் பிடித்துக்கொண்டது. அந்த நாற்காலியில் நாலு மாசத்தில் அவள் மூன்றாவது ஆள். முதலாளிக்குக் கோபம் வந்தால் அவ்வளவுதான்.

ஆனது ஆகட்டும் என்று போய்ச் சொல்லிவிட்டாள்.

திருமலைசாமி கண்ணாடியைக் கழற்றி அவளையே பார்த்தார்.

"நீயா வந்து சொன்னே, பொழச்சே கண்ணு. இதயே வேற ஒருத்தன் வந்து காட்டிக் குடுத்திருந்தா இந்நேரம் ஊட்டுக்கு அனுப்பியிருப்பேன்." பிறகு அவரே பெருமூச்சு விட்டார். "நல்லவேள! அவன அனுப்பிப்போட்டு பிளேட் வேலைக்கு யார அனுப்பறதுன்னு நேத்திருந்து எனக்கே ரோசனை."

பிரத்யுஷா ஸ்பேர்ஸ் அறைக்கு ஓடினாள்.

"அண்ணா, தப்பு என்னோடதுங்க. முதலாளிகிட்டச் சொல்லிட்டேன். உங்க வேலைக்கு ஒண்ணும் இல்லீங்க. மன்னிச்சிருங்கண்ணா."

"உடுங்க அம்மணி. மனசு லேசாயிருச்சுங்க." ஜெரோம் முகமெல்லாம் சிரிப்பு.

அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. "நேத்து அந்தப் பேப்பரக் கொஞ்சம் நல்லாப் பாத்திருக்கலாமுல்லண்ணா? அங்கயே தெரிஞ்சிருக்கும்."

ஜெரோம் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். அச்சடித்த பட்டியலின் முதல் பக்கம். ஒவ்வொரு plate-ஐயும் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"எழுதுனதே நாந்தானுங்க அம்மணி, பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அங்க வெச்சு நான் வாயத் தொறந்திருந்தா உங்க வேலை போயிருக்குமுங்க."