பன்றிக் காவலுக்கு ஆள்

"அடுத்தது பன்றிக் காவல்" என்று அவர் வாசித்ததும் ஜனங்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அவரும் லேசாகச் சிரித்தார். ஊர்க்கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். பாஸ்டனில் சட்டசபை முடிந்து முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தார்.

வேலி தாண்டிப் பயிரில் மேயும் பன்றிகளைத் துரத்திப் பிடிக்க வேண்டும். சேற்றில் விழுந்து புரள வேண்டும். யாரும் ஆசைப்பட்டு வருகிற வேலை இல்லை. அதனால் போன மார்ச் கூட்டத்துக்குப் பிறகு கல்யாணம் கட்டியவன் தலையில் அதைக் கட்டிவிடுவது அந்த ஊர் வழக்கம்.

கல் பொறுக்கி நிலம் திருத்திய கை அவருடையது. இங்கிலாந்து ராஜாவின் பட்டாளத்தை எதிர்த்துச் சண்டை போட்டிருக்கிறார். வரி தண்டியிருக்கிறார். வேலித் தகராறு தீர்த்திருக்கிறார். இப்போது சட்டசபை உறுப்பினர்.

ஐம்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாததால் இந்த ஒரு பதவி மட்டும் வரவில்லை.

அடுத்த வருஷம் வரும் என்று இருந்தார்.

விதவை அபிகாயிலிடம் இன்றைக்கே கேட்டுவிட வேண்டும். கூட்டம் முடிந்த கையோடு. பாஸ்டன் போகும்போதே கேட்டிருக்கலாம். கேட்டுவிட்டு ஒரு பெண்ணைப் பனிக்காலம் பூராவும் காக்க வைப்பது முறையில்லை என்று நினைத்தார். அவளுக்கு விறகு பிளந்துபோட ஓர் ஆளை மட்டும் ஏற்பாடு செய்துவிட்டுப் போனார்.

பாஸ்டனில் யாராவது நீளமாகப் பேசும்போதெல்லாம் அவருக்கு இதே நினைப்புதான். தான் பன்றிக்குப் பின்னால் ஓடுவது. ஊரே நின்று சிரிப்பது. வாசலில் நின்று அவளும் சிரிப்பது.

"காலேப்!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான்.

"காலேப்! எந்திரிடா!"

அவர் ஏற்பாடு செய்த ஆள்தான். முகம் சிவந்து எழுந்து நின்றான். கோடரி பிடித்துத் தடித்த விரல்கள் தொப்பியை முறுக்கின.

"யாரைக் கட்டினான்?"

கேட்டபிறகுதான் அவருக்கு உறைத்தது.

"நல்லாக் கேட்டீங்க தலைவரே! பாஸ்டன் போனா ஊர்ச்சேதி காதுலயே விழாதா? நம்ம அபிகாயிலைத்தான். விறகு பிளக்கப் போனவன் வீடு திரும்பவே இல்லையே!"

"இவன் பன்னியைப் பிடிக்கிறதுக்குள்ள அவ இவனைப் பிடிச்சுட்டா!"

கூரை அதிரச் சிரித்தார்கள்.

அவருக்கு உதடு அசைந்தது. அவ்வளவுதான்.

"காலேப், பன்றிக் காவலுக்கு. சம்மதமானவர்கள்?"

எல்லாக் கைகளும் எழுந்தன.

"மறுப்பவர்கள்?"

முறைப்படி அதையும் கேட்க வேண்டும். ஒரு கையும் எழவில்லை. முடிவைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

சொல்லவில்லை.

வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"மறுப்பவர்கள் யாராவது உண்டா?" என்று இன்னொரு தடவை கேட்டார்.

அதற்கும் சிரித்தார்கள்.