நடந்து போனவள்

“ஓடினாத்தான்டி கொழுப்பு கரையும். உன் நடைக்கு எறும்புகூட இளைக்காது!” என்று மனைவியைச் சீண்டினான் எலியேசர்.

“பார்க்கலாம். இளைக்காதவங்கதான் ஒரு மாசம் சமைக்கணும்” என்றாள் ருபியேலா.

கொலம்பியாவின் தலைநகர் போகோடாவில் ஞாயிறு காலை பெரிய சாலைகளில் கார்கள் ஓடாது; மனிதர்கள்தான் ஓடுவார்கள். இரண்டு மாதமாக அவன் ஓடினான், அவள் நடந்தாள். இளைத்தது அவள்தான்!

அவனுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஓடுவதுபோல் கிளம்பி, அவள் பின்னாலேயே பதுங்கிப் போனான்.

அவள் ஆடி அசைந்து பூங்கா வரைதான் நடந்தாள். அங்கே மேடையேறி மைக்கைப் பிடித்ததும் சல்சா நடன இசை அதிர்ந்தது. அவள் ஆட ஆட, அவளைப் பார்த்துப் பார்த்துக் கீழே கூட்டமே ஆடியது.

மரத்தின் பின்னால் வாயைப் பிளந்து நின்றான் எலியேசர்.

“மரத்துக்குப் பின்னால நிக்கிற ஓட்டக்காரரே!” மைக்கில் ருபியேலாவின் குரல். “வந்து இடுப்பை ஆட்டுங்க! வீட்டுக்குப் போய் சமைக்கணும்ல?”